மாரடைப்புக்குப் பிறகு ‘ஸ்டெம் செல் ஊசி போடலாம்’ என்று யாராவது சொன்னால்: மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தாய்மாமாவுக்கு வயது 56. மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கெழுதுகிறார். போன கார்த்திகையில் ஒரு விடிகாலை, சாத்துக்குடி லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். நேரத்தோடு கொண்டுபோனதால் ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இ.எஃப். 30%’ என்று எழுதியிருந்தது. இதயத்தின் இடது கீழறை தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். 55க்கு மேல் இருந்தால் நல்ல நிலை.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் போன் வந்தது. வேறு ஊர் கிளினிக். “இடுப்பெலும்பிலிருந்து உங்க மஜ்ஜையையே எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்லை இதயத்துல விடுவோம். செத்த தசை திரும்ப வளரும்” என்றார்கள். (ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்.) நாலரை லட்சம் ரூபாய். முன்பதிவுக்கு உடனே 30,000. அத்தை தன் ஐந்து பவுன் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு அடகுக்கடை வாசலில் என்னோடு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. முன்பணம் கொடுத்தோம். அதன் பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். மூன்று மாத அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுச் சங்கிலி அந்த வாசல் வரை போகாமல் இருந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாரடைப்பால் பழுதான இதயத்துக்குச் செல் சிகிச்சை என்பது இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட வழக்கமான சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, குறிப்பிட்ட சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர, ஸ்டெம் செல்லை முறையான மருத்துவ ஆய்வில் மட்டுமே நோயாளிக்குக் கொடுக்கலாம். ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. அதாவது, காசு கேட்டால் அது ஆய்வு அல்ல. ஆய்வு அல்ல என்றால் செய்யவே கூடாது.

1. முதல் வாரத்திலேயே காகிதங்களைக் கைப்பற்றுங்கள்

அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் அவர் கேட்கப்போவது இவற்றைத்தான்:

- டிஸ்சார்ஜ் சம்மரி
- ஆஞ்சியோ படம் உள்ள சி.டி.
- ஸ்டென்ட் பெட்டியிலிருந்து ஒட்டித் தரும் ஸ்டிக்கர் அல்லது அட்டை
- சேர்த்த அன்று எடுத்த ஈ.சி.ஜி.
- எல்லா எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கைகளும், தேதியோடு
- சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை
- இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு

நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான ஒழுங்குமுறை விதி. வாயால் கேட்டு அலையாதீர்கள். ஒரு தாளில் எழுதி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டு நான் மூன்று முறை நடந்தேன். எழுதிக் கொடுத்த மறுநாள் வந்துவிட்டது.

சி.டி. வாங்கியதும் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். எங்களுடைய முதல் சி.டி. காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அது தெரிந்தது.

2. எக்கோ எடுத்த தேதியைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மாரடைப்பு வந்தவுடன் இதயத்தசையில் ஒரு பகுதி செத்துப்போகிறது. அதைச் சுற்றி இன்னொரு பகுதி சாகாமல், அதிர்ச்சியில் மரத்துப்போய் நிற்கிறது. அடைப்பை எடுத்து ரத்தம் ஓட ஆரம்பித்த பிறகு, மரத்துப்போன அந்தப் பகுதி சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பலாம். அதனால் முதல் இரண்டு மூன்று நாட்களில் எடுத்த எக்கோவில் இ.எஃப். எவ்வளவு இருந்தாலும் அது முடிவான எண் அல்ல. திடீர் இதய நிறுத்தத்தைத் தடுக்க உடலுக்குள் ஐ.சி.டி. கருவி வைக்கலாமா என்று முடிவெடுக்கும் இதய டாக்டர்களே, மாரடைப்புக்குப் பின் 40 நாட்களாவது, ஸ்டென்ட் வைத்திருந்தால் 90 நாட்களாவது, மாத்திரைகளை முழுமையாகக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி அளக்கிறார்கள்.

இப்போது அந்த கிளினிக் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு எக்கோ தாள்கள். ‘முன்பு 28, பின்பு 40’ என்று சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். நான் எண்களைத்தான் பார்த்தேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தபோது, முதல் தாள் மாரடைப்பு வந்த மறுநாள் எடுத்தது, இரண்டாவது நான்கு மாதம் கழித்து எடுத்தது. நடுவில் அந்த நோயாளி மாத்திரையும் சாப்பிட்டிருப்பார் அல்லவா? எது எதனால் ஏறியது என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

எங்கள் மாமாவுக்கு மாசியில் மறு எக்கோ எடுத்தோம். 41. அவருக்கு எந்த ஊசியும் போடவில்லை. ஒழுங்காக மாத்திரை, உப்புக் குறைப்பு, காலையில் மெதுநடை, பீடியை விட்டது, அவ்வளவுதான். எல்லோருக்கும் இப்படி ஏறும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஏறாது. ஆனால் 90 நாள் பொறுக்காமல் யாருக்கும் அது தெரியாது. அந்த 90 நாளுக்குள்தான் இந்த போன்கள் வருகின்றன.

இன்னொன்று. எக்கோவில் இ.எஃப்.பைக் கண்மதிப்பாகவும் எழுதுவார்கள், சிம்சன் முறையில், அதாவது ஸ்கேன் படத்தில் இதய அறையின் எல்லையை வரைந்து, அளந்தும் எழுதுவார்கள். ஆள் மாறினாலே ஐந்து புள்ளி மேலே கீழே வரும். ஆகவே முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள். “சிம்சன் முறையில் அளந்து போடுங்க” என்று கேட்பதில் தவறே இல்லை. தனியார் ஸ்கேன் சென்டரில் எங்களுக்கு 1,800 ரூபாய் ஆனது.

3. அழைப்பவரிடம் எழுத்தில் நான்கு கேள்வி கேளுங்கள்

போனில் பேசி முடிவெடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள்:

- இது மருத்துவ ஆய்வா? ஆம் என்றால் அரசின் ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவெண் என்ன?
- மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா?
- எந்த நெறிமுறைக் குழு (ஆய்வில் சேருபவரின் நலனைப் பார்க்கும் குழு) ஒப்புதல் தந்தது?
- பணம் எதற்காக?

நேர்மையான ஆய்வுக்குழு நான்குக்கும் எழுத்திலேயே பதில் அனுப்பிவிடும். எங்களுக்கு வந்த பதில் ஒரு குரல் செய்தி: “சார், நாளைக்கு ஸ்லாட் முடியுது.”

4. பதிவெண்ணை நீங்களே தேடுங்கள்

சி.டி.ஆர்.ஐ. என்பது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேடு. 2009 ஜூன் 15 முதல் ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். ஆங்கிலத்தில் இருக்கிறது, கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவெண் இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். பதிவு வேறு, அனுமதி வேறு. பக்கத்தைத் திறந்து, நோய் என்ற இடத்தில் மாரடைப்போ இதயச் செயலிழப்போ இருக்கிறதா, ஆய்வு நடக்கும் மருத்துவமனைப் பட்டியலில் உங்களை அழைத்த இடம் இருக்கிறதா, மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரின் அனுமதி கிடைத்ததாக எழுதியிருக்கிறதா, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா அல்லது எப்போதோ முடிந்துவிட்டதா என்று பாருங்கள். எனக்குக் கொடுத்த எண் மூட்டுவலி ஆய்வு ஒன்றுடையது. நடத்தியதும் வேறு யாரோ.

இதே வகையில் இன்னொரு பொறி உண்டு. காலில் ரத்த ஓட்டம் அடைபட்ட நோய்க்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் இந்தியாவில் அனுமதி பெற்ற செல் மருந்து உண்டு. அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டி “அரசாங்கமே ஒத்துக்கிட்டது” என்பார்கள். காலுக்கும் மூட்டுக்கும் கொடுத்த அனுமதி இதயத்துக்குச் செல்லாது.

5. காப்பீடு கொடுக்கும் என்ற பேச்சு

தனியார் பாலிசிகளில் ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்ற வரி இருக்கும். அதைக் காட்டி, பணம் திரும்பக் கிடைத்துவிடும் என்று எங்களிடம் சொன்னார்கள். வரியை முழுதாகப் படியுங்கள். அது ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சையைப் பற்றியது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு விஷயம். அதை ஆஞ்சியோ, ஸ்டென்ட் போன்ற வழக்கமான சிகிச்சைக்காகக் கட்டாயம் எடுத்து வையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். எந்தச் சிகிச்சை அட்டையில் வரும் என்ற சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

6. ரத்தம் உறையாத மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்

மஜ்ஜை எடுக்க இடுப்பெலும்பில் தடித்த ஊசி போட வேண்டும். அந்த இடத்தில் ரத்தம் கசியும் என்பதால் “ஐந்து நாளைக்கு ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நிறுத்திட்டு வாங்க” என்று எங்களிடம் சொன்னார்கள். ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த மாத்திரைகளை இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து இரண்டாவது மாரடைப்பு வரலாம், உயிரே போகலாம். மாரடைப்புக்குப் பின் பொதுவாக ஒரு வருடம் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த டாக்டரைத் தவிர வேறு யாருடைய வார்த்தைக்கும் அவற்றை விடாதீர்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. மாமா இரண்டு நாள் நிறுத்தியிருந்தார்.

7. மதுரையிலேயே இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேளுங்கள்

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், இதயப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டுக்குக் காசு இல்லை. இதயப் பிரிவு எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று முந்தின நாளே கேட்டுவிட்டு, காலை ஏழரைக்குள் வரிசையில் நில்லுங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். ஒரு முழு நாள் போய்விடும். நோயாளிக்குச் சாப்பாடும் மதிய மாத்திரையும் கையில் கொண்டுபோங்கள். காகிதங்களைத் தேதி வரிசையில் கோப்பில் கோத்து, மேலே ஒரே தாளில் ‘என்று மாரடைப்பு, என்று ஸ்டென்ட், எந்தத் தேதியில் எவ்வளவு இ.எஃப்., இப்போது என்ன மாத்திரை’ என்று எழுதி வையுங்கள். கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்த ஒரு தாள் இருந்ததால் எங்களுக்கு முழுப் பதிலும் கிடைத்தது.

கேட்க வேண்டிய கேள்வி: “இ.எஃப். குறைந்தவர்களுக்கான நான்கு வகை மாத்திரையும் இவருக்கு இருக்கிறதா? இல்லையென்றால் ஏன்?” அந்த நான்கு: சாகுபிட்ரில்-வால்சார்டான் அல்லது அதற்கு ஈடான மாத்திரை; மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் போன்ற ஒன்று; ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்லெரினோன்; டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். நான்காவது வகையில் உள்ள இரண்டும் சர்க்கரை மாத்திரை என்று தெரிந்தவை. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயத்துக்காகக் கொடுக்கிறார்கள். “எனக்குத்தான் சுகர் இல்லையே” என்று மாமா அதை ஓரம்கட்டி வைத்திருந்தார். ரத்த அழுத்தம், சிறுநீரகம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் அளவை ஏற்றுவார்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வெளியில் வாங்க வேண்டியதை மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். எங்களுக்கு மாதம் 3,000க்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது 1,400 ஆனது.

வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி வைத்து, தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடையைக் காலண்டர் தாளில் குறியுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, கணுக்கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே டாக்டரிடம் போங்கள், நெஞ்சுவலியென்றால் 108.

8. உண்மையான ஆய்வில் சேர நினைத்தால்

செல் சிகிச்சை முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. நல்ல மருத்துவர்கள் இருபது வருடத்துக்கு மேலாக இதில் உழைக்கிறார்கள். விடைதான் இன்னும் ஒருமுகமாக வரவில்லை. ஐரோப்பாவில் மஜ்ஜை செல்லை வைத்து 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட பாமி ஆய்வு 375 பேரோடு நின்றது. அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. 2023இல் வெளியான ட்ரீம்-ஹெச்.எஃப். ஆய்வில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். இதயச் செயலிழப்பு முற்றித் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவது அதில் குறையவில்லை. 2025 அக்டோபரில் ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்த ஆய்வு, வெளியானபோது நம்பிக்கை தந்தது. முதல் மாரடைப்பு வந்து, இ.எஃப். 40க்குக் கீழே இருந்த 396 பேரில் 136 பேருக்குத் தொப்புள்கொடித் திசுவிலிருந்து எடுத்த செல்களை இதய ரத்தக்குழாய் வழியே கொடுத்தார்கள். அவர்களில் பின்னர் இதயச் செயலிழப்புக்கு ஆளானவர்கள் குறைவு என்று அந்த ஆய்வு சொன்னது. மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் செய்தியைக் காட்டி உங்களிடம் பேசுவார்கள். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே செல்லைக் கொடுத்தது மாரடைப்பு வந்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். உங்கள் வீட்டில் மூன்று மாதம் ஆகிவிட்டது என்றால் அந்த முடிவு உங்களுக்குப் பொருந்தாது. நான் பதிவேட்டில் தேடி உண்மையான ஆய்வுக்குழு ஒன்றுக்கு எழுதியபோதும் இதே பதில்தான் வந்தது. நாள் கடந்துவிட்டது, சேர்க்க முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

சேர முடிந்தால் கவனிக்க வேண்டியவை இவை. விளக்கத் தாளும் சம்மதப் படிவமும் தமிழில் வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். ஒரு நகல் உங்களுக்குச் சொந்தம். அதில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். அந்த எண்ணில் பேசிப் பாருங்கள். பாதியில் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை தடைபடாது. ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்பது 2019 மருத்துவ ஆய்வு விதிகளில் இருக்கிறது. சிலருக்குச் செல் இல்லாத ஊசியோ வழக்கமான சிகிச்சையோ மட்டும்தான் கிடைக்கும், யாருக்கு எது என்பது குலுக்கல் போலத்தான் முடிவாகும். இதை வீட்டுப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால்

ரசீதைப் பாருங்கள். எங்களுடையதில் ஸ்டெம் செல் என்ற சொல்லே இல்லை, ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று இருந்தது. அதனால் வாட்ஸ்அப் உரையாடல், குரல் செய்தி, ஜிபே ரசீது, விளம்பரப் படம் எல்லாவற்றையும் வேறொரு போனுக்கும் மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு பணத்தைத் திருப்பக் கேட்டுப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம். 15 நாள் கெடு போதும். எங்களுக்குக் கடிதம் போன 19ஆம் நாள் 20,000 வந்தது. மீதி வரவில்லை.

வராததற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். கிளினிக் வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் என்ற முறையில் மதுரையிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எப்படி எழுதுவது என்று 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அந்த டாக்டரின் நடத்தை பற்றிய புகாரை அவர் பதிவு செய்திருக்கும் மாநில மருத்துவ கவுன்சிலுக்குத் தனியாக அனுப்புங்கள்.

10. ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உயிருக்குப் பயந்துதான் எல்லோரும் போகிறோம். முதலில் வழக்கமான இதய டாக்டரிடம் சொல்லுங்கள். என்ன செல், யாருடையது, எத்தனை, எந்த வழியாக, எந்தத் தேதியில் என்ற விவரத்தை அந்த கிளினிக்கில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; 72 மணி நேர விதி அங்கேயும் செல்லும். காய்ச்சல், குளிர் நடுக்கம், மஜ்ஜை எடுத்த இடத்தில் வீக்கமோ சீழோ, புதிதாகப் படபடப்பு, மயக்கம் எதுவானாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அந்த விவரத் தாளையும் கோப்பின் மேலேயே வைத்துக் கொடுங்கள். பழைய மாத்திரைகளை நிறுத்தச் சொல்லியிருந்தால், அன்றைக்கே இதய டாக்டரைப் பார்த்து எதை எந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது என்று கேளுங்கள். “ரெண்டாவது டோஸ் போட்டாத்தான் பிடிக்கும்” என்று அடுத்த போன் வரும். அதை எடுக்க வேண்டாம்.